தலைநகரில் நம் பக்கத்து ஊர்கள்

தலைநகரைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியவர்களிடம், "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் கடற்கரை, உயிரியல் பூங்கா, வானளாவிய கட்டடங்கள், மெட்ரோ ரயில் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். விடுமுறையில் சென்னை சென்று வந்த எங்கள் குடும்பமும் இவற்றைக் கண்டு களித்தது உண்மையே. ஆனால் இவற்றைப் பற்றி எழுத நம் ஆண்டு மலரில் எப்போதும் யாரேனும் ஒரு தோழி இருக்கிறாள். ஆகவே அக்காவும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் வேறொன்றைச் சொல்ல முன்வந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், விருதுநகர் என்று பேருந்துப் பலகைகளில் அன்றாடம் நாம் படிக்கும் ஊர்கள் அவ்வளவு பெரிய தலைநகரில் எங்கெங்கே இருக்கின்றன என்பதே அது.

இப்படித் தேடும் எண்ணம் எழுந்ததற்கு எங்கள் ஊரே காரணம். கூமாப்பட்டி, வத்திராயிருப்புக்கு அருகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கிறது. நெல்லும் தென்னையும் மாவுமாக, பிளவக்கல் அணைகளின் நீரை நம்பி வாழும் ஊர். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் எங்கள் ஊரைப் புகழ்ந்து ஒருவர் பேசிய சிறு காணொளி இன்ஸ்டாகிராமில் பரவியது. உடனே எங்கெங்கிருந்தோ மக்கள் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து குவிந்தனர். காணொளியில் கண்ட அளவு நீரைக் காணாமல் முகம் சுருங்கித் திரும்பியவர்களும் உண்டு. வந்தவர்கள் படம் எடுத்தார்கள். இந்தத் தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது, இங்கே என்ன விளைகிறது என்று கேட்டவர் மிகச் சிலரே. "நாம் சென்னைக்குப் போனால் இந்த மாதிரி பார்த்துவிட்டு வரக்கூடாது" என்று அப்பா அப்போதே சொன்னார்கள்.

அப்பா, அம்மா, அப்பத்தா, தம்பி, நாங்கள் இருவர் என ஆறு பேர். கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று, செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகை விரைவு வண்டியில் இரவு ஏறினோம். அம்மா கட்டிய புளியோதரையின் மணம் அந்தப் பெட்டி முழுவதையும் நட்பாக்கியது. பயணத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் உறங்கிவிட்டோம்.

விடிந்து சென்னையில் இறங்கியதும் எங்கும் எதிர்ப்பட்டது ஒரு கோபுரம். அரசு அலுவலகப் பலகையில், அரசு வண்டியின் கதவில், அறிவிப்புத் தாளின் தலைப்பில் என்று திரும்பிய பக்கமெல்லாம் தமிழ்நாடு அரசின் முத்திரை. நடுவில் கோபுரம், அதன் முன்னே அசோகரின் சிங்கத் தூண், இருபுறமும் தேசியக் கொடி, 'வாய்மையே வெல்லும்' என்னும் எழுத்துகள். அந்தக் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோவிலின் 11 நிலைக் கோபுரமே என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த செய்தி. ஏறத்தாழ 192 அடி உயரமுள்ள அதைத் தேர் பார்க்கப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கிறோம்.

ஆனால் இதில் ஒரு வழக்கு உண்டு. 1940-களின் இறுதியில் அம்முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ், தாம் வரைந்தது மதுரை மீனாட்சியம்மன் கோவிலின் மேற்குக் கோபுரமே என்று கூறியதாகப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. அப்பா இதைச் சொன்னதும் அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மதுரைக்காரங்களுக்கு மீனாட்சி இருக்கா, அழகர் இருக்காரு. இதையும் கேக்குறாங்களாக்கும்!" என்றார்கள். மதுரை மேற்குக் கோபுரத்துக்கு 9 நிலை, நம்முடையதற்கு 11. எண்ணிப் பார்த்தால் தீர்ந்தது என்றான் தம்பி. வண்டிக் கதவில் உள்ளங்கை அளவே இருக்கும் படத்தில் நிலைகளை எப்படி எண்ணுவது? வண்டிதான் நிற்கிறதா? வரைந்தவர் சொல்லுக்கே எடை அதிகம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இம்மலரை வீட்டில் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தாண்டிவிடுவோம்.

கோபுரத்தில் ஐயம் இருந்தாலும் பெயரில் ஐயமில்லை. இனிப்புக் கடைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரைப் பால்கோவாப் பெட்டிகளின் மேல் கண்டோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அல்லவா? உறவினர் வீட்டுக்கு நாங்கள் கொண்டு சென்றதைத் தம்பி இரவோடு இரவாகக் குறைத்திருந்தான்.

அடுத்து புனித ஜார்ஜ் கோட்டை. 1639-இல் இடம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியார் 1640-இல் கட்டத் தொடங்கியது. இன்று சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் அதனுள்ளே இருப்பதால் காவலர் சோதனைக்குப் பின்பே உள்ளே விடுகிறார்கள். 1680-இல் அர்ச்சிக்கப்பட்ட புனித மரியன்னை ஆலயத்தையும், 1947 ஆகஸ்ட் 15 அன்று இக்கோட்டையில் பறந்த தேசியக் கொடியைக் காத்து வைத்திருக்கும் அருங்காட்சியகத்தையும் பார்த்தோம். இங்கே நம் பக்கத்து ஊர் எது? இராஜபாளையம்! அவ்வூரைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை இக்கோட்டையிலிருந்து ஆட்சி செய்தார். அன்றைய சென்னை மாகாணம் ஆந்திரக் கரையோரத்தையும் மலபாரையும் உள்ளடக்கியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பின்னர் அவர் ஒரிஸாவின் ஆளுநராகவும் இருந்தார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அம்மன்றத்தின் வழியே எத்தனையோ முறை போயிருக்கிறோம். அது யாருடைய வீடு என்று அதுவரை நாங்கள் கேட்டதில்லை.

எங்கள் பயணத்தில் நெடுநேரம் நின்ற இடம் தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் உள்ள காமராசர் இல்லம். முதலமைச்சராக 1954 முதல் 1963 வரை இருந்தவர் வாழ்ந்த வாடகை வீடு அது. இப்போது நினைவில்லமாக விளங்குகிறது. 1952-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி என்பதை நம் தோழியரில் எத்தனை பேர் அறிவார்களோ! அவர் ஆளும் காலத்திலும் தாயார் சிவகாமி அம்மாள் விருதுநகர் வீட்டிலேயே இருந்தார்கள். மகன் தலைநகரில் முதலமைச்சர், தாய் சொந்த ஊரில். இது பெருமையா, வருத்தமா என்று அம்மாவும் அப்பாவும் வாசலிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். பொதுப்பணத்தில் குடும்பம் வாழக்கூடாது என்பதற்காகவே அப்படி என்றார்கள் அப்பா. "அந்த அம்மாவைக் கேட்டால்தானே தெரியும்" என்றார்கள் அம்மா. எங்களுக்கு இருவர் சொல்வதும் சரியாகவே பட்டது.

அப்பத்தா இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. படங்களின் முன் ஒவ்வொன்றாக நின்று வந்தார்கள். 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அப்பத்தாவுக்கு ஆறு வயது. ஆடு மேய்க்கப் போக வேண்டியவளைப் பள்ளிக்கு அனுப்பியது அந்தச் சோறுதான் என்று எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அதை நாங்கள் பழங்கதையாகவே கேட்டுவந்தோம். அங்கே ஒரு படத்தின் அடியில் எழுதியிருந்ததை அப்பத்தா தாமே எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார்கள். படித்து முடித்து, "ஐந்தாவது வரைக்கும் படிச்சேன் தாயி" என்றார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. வெளியே வர எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. மேலே தொங்கும் திமிங்கில எலும்புக் கூட்டைப் பார்த்தே தம்பிக்குப் பாதி நாள் கழிந்தது. விலங்குக் காட்சியும் 1855-இல் இந்த வளாகத்தில்தான் பிறந்ததாம். இடம் மாறி 1985-இல் வண்டலூரை அடைந்தது. எங்களைக் கவர்ந்தவை பொருள்களுக்குக் கீழே எழுதியிருந்த ஊர்ப் பெயர்கள். திருவாலங்காட்டு நடராசர் ஒரு பக்கம். தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த தாழிகளும் வெண்கலப் பொருள்களும் ஒரு பக்கம். சென்னைக்கென்று சென்னையில் கிடைத்தவை குறைவே. எங்கெங்கோ உள்ள மண்ணும் கோவில்களும் கொடுத்தவைதாம் அங்கே நிறைந்திருக்கின்றன. ஆந்திர நாட்டு அமராவதியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களில் ஒரு பகுதி இங்கே இருக்க, மற்றொரு பகுதி 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி இலண்டன் போய்விட்டது. ஊர்களிடமிருந்து சென்னை எடுத்துக்கொண்டதைப் போல் சென்னையிடமிருந்து இலண்டன் எடுத்துக்கொண்டது போலும்! அப்பொருள்கள் அந்தந்த ஊரிலேயே இருந்திருந்தால் இத்தனை பேர் பார்த்திருப்பார்களா என்ற கேள்வியும் எழாமல் இல்லை. அப்பாவிடம் கேட்டோம், "உங்கள் வரலாற்று ஆசிரியையைக் கேளுங்கள்" என்று நழுவிவிட்டார்கள்.

சாந்தோம் பேராலயத்தில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு, மாலையில் மெரினா சென்றோம். மலையடியில் பிறந்த எங்களுக்குக் கடல் புதிது. ஆயினும் 1959 முதல் அங்கே நிற்கும் உழைப்பாளர் சிலையின் முன்தான் அப்பா நின்றுவிட்டார்கள். பெரும் பாறையை நெம்பும் நால்வரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "கடப்பாரை பிடிக்கிற பிடி சரியாக இருக்கிறது" என்று சான்றிதழ் வழங்கினார்கள்.

சென்னை செல்லும் தோழியருக்குச் சில குறிப்புகள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும், வண்டலூர்ப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை. அதற்கேற்ப நாளை வகுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நான்கு இடங்களைத் திணிக்க வேண்டாம். கோட்டைக்குச் செல்லும்போது பெரியவர்கள் அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லட்டும். காமராசர் இல்லத்துக்கு அரை மணி நேரம் போதும் என்று சிலர் சொல்வார்கள். வீட்டுப் பாட்டியும் உடன் வருவதாயிருந்தால் காலைப் பொழுது முழுவதையும் ஒதுக்கி வையுங்கள்.