பாதி வழியில் வரும் துக்கச் செய்தி: தனியே ரயிலில் இருப்பவர் என்ன செய்யலாம்?

சென்னையிலிருந்து டெல்லிக்குத் தனியாகப் போகிறீர்கள். வாரங்கல் தாண்டியபின் ஊரிலிருந்து போன்: அப்பா தவறிவிட்டார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடத்தான் மனம் துடிக்கும். இறங்குவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று: எப்போது எடுக்கிறார்கள்? நீங்கள் வரும்வரை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருக்க வீட்டார் சம்மதித்தால், மற்ற முடிவுகளை நிதானமாக எடுக்கலாம்.

எங்கே இறங்குவது?

கிட்ட இருக்கும் ஸ்டேஷனைவிட, திரும்ப வண்டி கிடைக்கும் ஸ்டேஷனே முக்கியம். பல்லார்ஷாவில் இறங்கித் தவிப்பதைவிட, சுமார் 200 கி.மீ. தள்ளி நாக்பூரில் இறங்கினால் விமானத்துக்கும் வழி உண்டு. சங்கிலியை இழுக்காதீர்கள். தக்க காரணமின்றி இழுத்தால் ரயில்வே சட்டம் 141ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். டிடிஇ-யிடம் விஷயத்தைச் சொல்லி, எந்த ஸ்டேஷனில் இறங்குகிறீர்கள் என்று எழுதித் தரக் கேளுங்கள். உதவிக்கு 139.

திரும்பும் டிக்கெட்

ரயில்வேயின் சலுகைப் பட்டியலில் துக்கப் பயணம் இல்லை. தத்கால் இருக்கிறதே என்று நம்பினால் ஒரு சிக்கல். ரயில் புறப்படும் முதல் ஸ்டேஷனின் தேதியை வைத்து, அதற்கு முந்தைய நாள் ஏசிக்கு காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் அது திறக்கும். டெல்லியில் நேற்று கிளம்பி இன்று நாக்பூர் வரும் ரயிலுக்கு நேற்று முன்தினமே தத்கால் தொடங்கியிருக்கும். எனவே சார்ட் போட்டபின் மிஞ்சும் இடங்களுக்கான கரன்ட் புக்கிங்கை முதலில் பாருங்கள். எமர்ஜென்சி கோட்டாவுக்கு வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு முந்தைய நாளே விண்ணப்பிக்க வேண்டும். ஒருநாள் அவகாசத்தோடு கிளம்பும் உறவினர்களுக்கே அது பயன்படும். எதுவும் கிடைக்காவிட்டால் பொதுப்பெட்டி டிக்கெட் உண்டு. அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறினால் கட்டண வித்தியாசத்தோடு அபராதமும் கட்ட நேரும்.

எந்தப் பணம் திரும்பும்?

ரயில் ரத்தானாலோ, 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் ஏறாமல் விட்டாலோ முழுக் கட்டணம் கேட்கலாம். சொந்தக் காரணத்தால் பாதியில் இறங்கினால் அந்த உறுதி கிடையாது. டிடிஆர் (பணம் திரும்பக் கோரும் மனு) பதிவு செய்யலாம், முடிவு ரயில்வேயின் கையில்.

காப்பாற்ற வேண்டியது இன்னும் பயன்படுத்தாத டிக்கெட்டுகளை. டெல்லியிலிருந்து ஊர் திரும்ப எடுத்தது, அடுத்த இணைப்பு ரயில், தங்கும் விடுதி எல்லாவற்றையும் அன்றே ரத்து செய்யுங்கள். நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும், கடைசி நேரத்தில் ஒன்றும் கிடைக்காது. உறுதியான தத்கால் டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் இல்லை. கவுன்டரில் எடுத்த டிக்கெட்டையும், அப்போது கொடுத்த மொபைல் எண் வழியாக ஆன்லைனிலோ 139-லோ ரத்து செய்துவிட்டு, பணத்தைக் கவுன்டரில் வாங்கலாம். உங்களால் முடியாவிட்டால் நம்பகமான ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள்.

டிக்கெட்டோடு சில பைசாவுக்கு எடுக்கும் காப்பீடு ரயில் விபத்துக்கானது. வீட்டுத் துக்கத்தால் பயணம் முறிவதற்கு அது பணம் தராது. தனியே எடுத்த பயணக் காப்பீடு இருந்தால், அதில் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொள்வதற்கான இழப்பீடு சேர்ந்திருக்கிறதா, நெருங்கிய உறவினர் என்று யாரையெல்லாம் சொல்கிறது என்று பாருங்கள். இறப்புச் சான்றிதழும் டிக்கெட் நகலும் தேவைப்படும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் இல்லை.

மோசடி

உதவி கேட்டு பிஎன்ஆர் எண்ணையும் போன் எண்ணையும் சமூக வலைதளத்தில் போடுவோரைத் தேடி வரும் கூட்டம் உண்டு. ரீஃபண்ட் தருகிறோம் என்று சொல்லி ஓடிபி கேட்டாலோ, ஏதாவது செயலியை இறக்கச் சொன்னாலோ போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தை முடக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

மறுத்தால்?

கட்டண ரீஃபண்ட் வழக்குகளுக்கென்று 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி ரயில்வே உரிமைக் கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது; சென்னையில் அதன் அமர்வு உண்டு. விடுதியோ தனியார் பயண நிறுவனமோ ஏமாற்றினால், நுகர்வோர் உதவி எண் 1915-இல் தொடங்கி நுகர்வோர் ஆணையம்வரை போகலாம். இரண்டு இடத்திலும் பேசுவது காகிதம்தான். டிக்கெட், டிடிஆர் எண், ரத்து செய்த நேரம் காட்டும் குறுஞ்செய்தி ஆகியவற்றை அழிக்காமல் வையுங்கள். காரியங்கள் முடிந்தபின் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.