எண்ணெயும் அமைதியும்

எண்ணெய் வளமுள்ள தேசங்களில் அமைதி நிலவவேண்டுமென்று வல்லரசுகள் ஓயாமல் உபதேசம் செய்கின்றன. யாருக்காக நிலவும் அமைதி என்று கேட்பது நமது கடமை. ஈரானின் சரித்திரம் இதற்கு விடை கூறும்.

அந்நாள் பாரஸீக ஷா, 1901-ஆம் வருஷத்தில் தமது ராஜ்யத்தின் பெரும்பாகத்தில் எண்ணெய் எடுக்கும் உரிமையை டார்ஸி என்ற செல்வருக்கு 60 வருஷங்களுக்கு எழுதிக் கொடுத்தார். ரொக்கம் 20,000 பவுன், அதே மதிப்புள்ள பங்குகள், நிகர லாபத்தில் நூற்றுக்கு 16, இவ்வளவே விலை. 1908-இல் எண்ணெய் கிடைத்தது. 1914-இல் பிரிட்டிஷ் சர்க்கார் தங்கள் யுத்தக் கப்பல்களை உத்தேசித்துக் கம்பெனியின் பங்குகளில் பாதிக்குமேல் வாங்கினர். அது முதல் வியாபாரம் எது, ராஜாங்கம் எது என்று பிரித்தறிய இயலாமற் போயிற்று. பிற்காலத்தில், ஈரானுக்குக் கிடைத்த பங்கைவிட லண்டன் கஜானாவுக்குச் சென்ற வரியே அதிகமாயிருந்தது. கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்யவும் ஈரானுக்கு உரிமையில்லை.

1951-இல் ஈரானியப் பார்லிமெண்டு எண்ணெய்த் தொழிலைத் தேசவுடைமையாக்கிற்று. நஷ்டஈட்டுக்கும் சட்டத்தில் இடம் வைத்தது. பிரதம மந்திரியான முஸாடெக் அதை நிறைவேற்ற முனைந்தார். ஒப்பந்தம் மீறப்பட்டதென்று பிரிட்டன் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தை அணுகிற்று. 1933-ஆம் வருஷத்து ஒப்பந்தம் ஒரு சர்க்காருக்கும் ஒரு கம்பெனிக்கும் ஏற்பட்டதேயன்றி, இரு ராஜ்யங்களின் உடன்படிக்கை அன்று. ஆகவே தனக்கு விசாரணை அதிகாரமில்லையென்று நீதிமன்றம் 1952 ஜூலையில் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் நீதிபதி மக்நேரும் அம்முடிவையே ஆதரித்தார்.

சட்டம் கைகொடுக்கவில்லை, சதி கைகொடுத்தது. 1953 ஆகஸ்டில் பிரிட்டிஷ், அமெரிக்க ரகசிய இலாகாக்களின் முயற்சியால் முஸாடெக் கவிழ்க்கப்பட்டார். மூன்று வருஷம் சிறையிலிருந்தார். பின்னர் 1967-இல் இறக்கும்வரை வீட்டுக் காவலிலேயே வைக்கப்பட்டார். சதியில் தன் பங்கை ஒப்புக்கொள்ளும் அமெரிக்க இலாகாவின் தஸ்தாவேஜுகள் 2013-இல் வெளிவந்தன.

அதன் பிறகு கால் நூற்றாண்டு எண்ணெய் தடையின்றி ஓடியதே, அது லாபமன்றோ என்று சிலர் வாதிக்கக்கூடும். அந்த அமைதியின் முடிவையும் அவர்கள் கவனிக்கட்டும். 1978-இல் எண்ணெய்த் தொழிலாளரே வேலைநிறுத்தம் செய்தனர். 1979 ஜனவரியில் ஷா நாட்டைவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டுக்குள் உலகச் சந்தையில் எண்ணெய் விலை இரு மடங்குக்குமேல் ஏறிற்று. ஏழை தேசங்களும் அச்சுமையைத் தாங்க நேர்ந்தது. 1951-இல் நியாயமான பங்கைக் கொடுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு இதைவிட மிகச் சொற்பமே.

ஜனங்களின் சம்மதம் பெறாத ஒப்பந்தம் காகிதத்தில் எவ்வளவு உறுதியாயிருப்பினும் நீடித்து நில்லாது. எண்ணெயை நாடும் ராஜதந்திரிகள், அரண்மனையோடு மட்டுமன்றி அத்தேசத்தின் ஜனங்களோடும் உடன்படிக்கை செய்துகொள்வார்களாக.