லிங்கருக்கும் படிக்கத் தெரிந்தால்

நாலு மணி டீக்கு வரும்போதே தம்பியின் முகம் சரியில்லை. அலுவலகத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன்.

"கிளாங் கம்பைலரை நானே சோர்ஸ்லேர்ந்து பில்ட் பண்ணேன்ணா. ராத்திரி பூரா ஓடிச்சு. எல்லா ஃபைலும் கம்பைல் ஆயிடுச்சு. கடைசில லிங்க் பண்ற இடத்துல லேப்டாப் அப்படியே நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு 'கில்டு'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"என்ன செட்டிங் கொடுத்தே?"

"எல்டிஓ ஃபுல். அதைப் போட்டா கம்பைலர் வேகமா ஓடும்னு சொன்னாங்க."

"ராம்?"

"16 ஜிபி."

டீயை வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே சொல்லி முடிகிற விஷயமில்லை.

ஒரு தீபாவளி மலர் தயாராவதாக வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் எழுதுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் கட்டுரையைத் தானே அச்சுக்கோத்து, இனி ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாதபடி கொடுத்துவிடுகிறார். கடைசியில் பக்கங்களைச் சேர்ப்பவருக்கு ஒரே வேலைதான்: வரிசையாக அடுக்கி, 'மேலும் விவரம் — ஆம் பக்கம் பார்க்க' என்று காலியாக விட்ட இடங்களில் எண்ணை நிரப்புவது. ஒரே கதையை மூன்று பேர் சொல்லியிருந்தாலும் அது அவருக்குத் தெரியாது. அவர் எதையும் படிப்பதே இல்லை.

லிங்கர் காலங்காலமாகச் செய்துவந்தது இதைத்தான். கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு சோர்ஸ் ஃபைலை மட்டும் பார்க்கும். அதை இயந்திர மொழியாக்கி ஆப்ஜெக்ட் ஃபைலாக வைத்துவிடும். அவற்றைச் சேர்த்து முகவரிகளை நிரப்புவது லிங்கர்.

இதில் இழப்பு எங்கே? ஒரு ஃபைலில் ஒரே வரியில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஒரு பட்டியலின் நீளத்தை எடுத்துக் கொடுக்கும், வேறெதுவும் செய்யாது. இன்னொரு ஃபைலில் பத்து லட்சம் முறை சுற்றும் ஒரு லூப் அதை ஒவ்வொரு சுற்றிலும் கூப்பிடுகிறது. லூப்பை மொழிபெயர்க்கும்போது அந்த ஃபங்ஷனுக்குள் என்ன இருக்கிறது என்று கம்பைலருக்குத் தெரியாது. பெயர் தெரியும், என்ன வாங்கி என்ன கொடுக்கும் என்று தெரியும், அவ்வளவே. அதனால் பத்து லட்சம் முறையும் போய்விட்டு வரவேண்டியதுதான்.

போய்வரும் செலவுகூடப் பெரிதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதபோது கம்பைலர் மோசமானதையே எண்ணிக்கொள்ளும். அந்த ஃபங்ஷன் எந்தப் பொது மாறியை வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம் அல்லவா? ஆகவே கையில் வைத்திருந்த மதிப்புகளை நம்பாமல் ஒவ்வொரு தடவையும் நினைவகத்திலிருந்து மறுபடி எடுக்கும். நாலு சுற்றுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே கட்டளையில் முடிக்கும் வித்தையெல்லாம் அதோடு போயிற்று. அழைப்பை எடுத்துவிட்டு அந்த ஒரு வரியையே லூப்புக்குள் எழுதிவிட்டால், அதுதான் இன்லைன், இந்தச் சந்தேகங்கள் எல்லாம் ஒரே அடியாகத் தீர்ந்துவிடும். எல்டிஓ தரும் லாபத்தில் பெரும்பங்கு இப்படிச் சந்தேகம் தீர்வதில்தான் வருகிறது.

எல்டிஓ, அதாவது லிங்க் டைம் ஆப்டிமைசேஷன், செய்வது என்னவென்றால், கோத்த அச்சைக் கேட்காமல் கையெழுத்துப் பிரதியைக் கேட்கிறது. ஆப்ஜெக்ட் ஃபைல் என்ற பெயரும் அதே டாட் ஓ வாலும் மாறுவதில்லை. உள்ளே மட்டும் இயந்திர மொழிக்குப் பதில் கம்பைலரின் இடைநிலை மொழி இருக்கும். கிளாங்குக்கு அடித்தளமான எல்எல்விஎம்மில் அது பிட்கோட். இன்னொரு கம்பைலரான ஜிசிசியில் ஜிம்பிள். லிங்க் செய்யும் நேரத்தில் எல்லாப் பிரதிகளும் மறுபடி கம்பைலரின் கைக்கே போகின்றன. இந்த முறை மொத்தமாக.

யோசனை புதிதல்ல. கிறிஸ் லாட்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2002-இல் எழுதிய எல்எல்விஎம் ஆய்வேட்டிலேயே இது நடுநாயகமாக இருக்கிறது. ஜிசிசிக்கு 2010-இல், 4.5 பதிப்பில் வந்தது. எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஆட்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சோர்ஸ் ஃபைல்களை ஒட்டி ஒரே பெரிய ஃபைலாகவே வெளியிடுகிறார்கள். அதனால் மட்டும் 5 முதல் 10 சதவீதம் வேகம் கிடைக்கிறது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. நாட்டு வைத்தியம்தான். ஆனால் கேட்கிறது.

"சரிண்ணா, அப்ப என் லேப்டாப் ஏன் செத்துச்சு?"

ஃபுல் என்றால் நாற்பது பிரதிகளையும் ஒரே மேசையில் விரித்து, ஒரே ஆள் உட்கார்ந்து படிப்பது. எல்எல்விஎம் சோர்ஸில் இருப்பது நாற்பது ஃபைல் இல்லை, ஆயிரக்கணக்கில். அவை எல்லாம் ஒற்றை மாட்யூலாகச் சேர்ந்து ராமில் உட்காரும். அதைவிட ஒரு விஷயம் இருக்கிறது. எல்எல்விஎம் பில்ட் என்பது ஒரு நிரல் அல்ல. கிளாங், ஆப்ட், எல்எல்சி, எல்எல்டி என்று எத்தனையோ நிரல்கள், அத்தனையும் சாதாரணமாக அதே நூலகங்களைத் தமக்குள் சேர்த்துக்கொள்பவை. ஆக ஒவ்வொரு நிரலை லிங்க் செய்யும்போதும் அதே மூட்டையை முதலிலிருந்து பிரித்துப் படிக்கவேண்டும். அது போதாதென்று, பில்ட் வேலைகளை ஓட்டும் நிஞ்ஜா, கோர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பல வேலைகளை ஒரே சமயத்தில் கிளப்பிவிடும். கம்பைல் செய்யும்போது இது நல்ல குணம். எல்டிஓ லிங்க் வேளையில் இதுதான் எமன். எட்டு லிங்கர்கள் எட்டு மலரை ஒரே வீட்டில் விரித்தால் இடம் ஏது? லினக்ஸ் பார்த்தது, இருப்பதிலேயே அதிகம் தின்பவனை வெளியே தள்ளிவிட்டது. 'கில்டு' என்ற சொல்லுக்கு அர்த்தம் அவ்வளவுதான்.

இதற்கு வந்த மாற்றுதான் தின் எல்டிஓ. 2016-இல் வெளியான எல்எல்விஎம் 3.9-இலேயே இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாளரும் பிரதியோடு ஒரு பக்கச் சுருக்கமும் தருவார்: என்னிடம் என்னென்ன பகுதிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், யார் யாரை மேற்கோள் காட்டுகிறேன். ஆசிரியர் சுருக்கங்களை மட்டும் படித்து, 'நீங்கள் அவரிடமிருந்து இந்த இரண்டு பத்தியை வாங்கிக்கொள்ளுங்கள், இவர் இந்தப் பகுதியை எடுத்துவிடலாம், யாருக்கும் தேவையில்லை' என்று சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார். பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒரே நேரத்தில் தன் கட்டுரையை முடிக்கலாம். மொத்தப் பிரதியும் ஒரு மேசைக்கு வருவதே இல்லை. ஃபுல் தரும் வேகத்தில் பெரும்பகுதி இதிலும் கிடைத்துவிடுகிறது. என்னைக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஃபுல் தேவையே இல்லை.

எல்எல்விஎம்மின் பில்ட் அமைப்புக்கே இது தெரியும். எல்டிஓ செட்டிங்கில் தின் என்று கொடுத்தால், நாம் வேறு எண் சொல்லாதவரை, ஒரே சமயத்தில் ஓடும் லிங்க் வேலைகளை அதுவே 2-ஆகக் குறைத்து, தின்னுக்குள்ளேயே பல இழைகள் ஓடுவதால் இப்படிச் செய்தேன் என்று ஒரு வரியும் எழுதிவைக்கும். ஃபுல் கேட்டவனுக்கு அந்தக் கரிசனம் கிடையாது. லிங்க் வேலைகளின் எண்ணிக்கையை அவனே சொல்லவேண்டும். தம்பி சொல்லவில்லை.

தின்னில் இன்னொரு வசதி கேஷ். எல்எல்டி லிங்கரோடு சேர்ந்தால், முடித்த பகுதிகளை ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, அடுத்த பில்டில் மாறியதை மட்டும் செய்யும். ஃபுல்லில் ஒரு வரி மாற்றினாலும் மலர் முழுவதும் மறுபடி.

பெயர்கள் குழப்பும், அதையும் சொல்லிவிடுகிறேன். சிமேக் பில்ட் கருவியில் இதற்குப் பெயர் எல்டிஓ அல்ல, இன்டர்ப்ரொசீஜரல் ஆப்டிமைசேஷன். அதை ஆன் செய்தால் கிளாங்குக்குத் தின்னைத்தான் கொடுக்கும். ஜிசிசியில் ஆட்டோ என்று சேர்த்துக் கொடுத்தால்தான் கோர்கள் எல்லாம் வேலை செய்யும். ரஸ்ட் மொழியின் பில்ட் கருவியான கார்கோவில் இன்னும் வேடிக்கை: எல்டிஓவுக்கு ஃபால்ஸ் என்று எழுதினால் அணைந்துவிடாது. ஒரு கிரேட்டின் துண்டுகளுக்குள் சின்ன தின் எல்டிஓ ஒன்று ஓடும். உண்மையிலேயே அணைக்க ஆஃப் என்று எழுதவேண்டும். இதை யார் யோசித்தார்களோ.

அடுத்த சிக்கல் கூட்டாளிகள். கையெழுத்துப் பிரதியைப் படிக்கத் தெரியாதவர் நடுவில் ஒருவர் இருந்தாலும் காரியம் கெடும். நூலகங்களைக் கட்டிவைக்கும் ஏஆர் என்ற சின்னக் கருவி பழையதாக இருந்தால், பிளக்கின் வேண்டும் என்று முனகிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்ற அட்டவணையைப் போடாமலே மூட்டையைக் கட்டிவிடும். பிறகு லிங்கர் எதையும் காணோம் என்னும். ஜிசிசி என்றால் ஜிசிசி ஏஆர், கிளாங் என்றால் எல்எல்விஎம் ஏஆர். ஜிசிசியில் பழைய பதிப்பில் செய்த பிரதியைப் புதியதிடம் கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

"எல்டிஓ போட்டதும் என் ப்ரோக்ராம் தப்பா ஓடுது" என்று வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். நானே ஒரு காலத்தில் அப்படிப் போய் நின்றவன்தான். ஒரு ஃபைலில் இன்ட் என்றும் இன்னொன்றில் லாங் என்றும் ஒரே மாறியை அறிவித்துவிட்டு, இரண்டு நாள் கம்பைலரைத் திட்டினேன். தனித்தனியாகப் பார்க்கும்வரை யாரும் கண்டுபிடிக்காத தப்பு அது. மொத்தமாகப் படிக்கும்போது ஜிசிசி எச்சரிக்கையாகவே சொல்கிறது. அந்த எச்சரிக்கைக்காகவே ஒருமுறை எல்டிஓ போட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்பது என் கட்சி.

பெரிய இடங்களில் இது இப்போது சகஜம். ஃபெடோரா 2020-இல் 33-ஆம் பதிப்பிலிருந்து தன் பேக்கேஜ்களை எல்டிஓவோடு கட்டுகிறது. லினக்ஸ் கெர்னல் 2021-இல், 5.12 பதிப்பில் கிளாங் எல்டிஓவை ஏற்றுக்கொண்டது. அங்கேயும் மெனுவில் தின், ஃபுல் இரண்டும் உண்டு.

டீ ஆறிவிட்டது. தம்பி போனில் குறித்துக்கொண்டான்: தின், எல்எல்டி, எல்எல்விஎம் ஏஆர், லிங்க் வேலை ஒன்று.

"தினமும் இதையே போட்டு வச்சுக்கலாமாண்ணா?"

வேண்டாம். ஊருக்குக் கொடுக்கும் ரிலீஸுக்கு மட்டும் போடு; ஒரு வரியைத் திருத்தி உடனே ஓட்டிப் பார்க்கும் அன்றாட பில்டுக்கு என் லேப்டாப்பில் அது அணைந்தேதான் கிடக்கிறது.