மக்கள் வளர்ப்பும் முதுமைச் சேமிப்பும்

மக்களைப் பெற்று வளர்த்து ஆளாக்குதல் பெற்றோரின் கடமை. அக்கடமையை நிறைவேற்றியபின் எஞ்சியிருக்கும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளை எதனைக்கொண்டு நடத்துவது என்னும் வினாவை நம்மில் பலரும் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே எழுப்புகிறோம். அப்போது மூத்த மகனின் கல்லூரிக் கட்டணமும் மகளின் திருமணச் செலவும் ஒருசேர வாயிலில் வந்து நிற்கின்றன. முதுமைக்கென்று ஒதுக்க ஒன்றும் எஞ்சுவதில்லை. பிள்ளைகளுக்குக் குறைவின்றிச் செய்வதும் தம் முதுமைக்குச் சேர்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

திருவெறும்பூர் தரும் பாடம்

இதனை ஆராய வேற்றூர் செல்ல வேண்டுவதில்லை. நம் திருவெறும்பூரே போதும். 1965இல் இயங்கத் தொடங்கிய 'பெல்' கொதிகலன் தொழிற்சாலையும், 1966இல் தொடங்கப்பெற்ற துப்பாக்கித் தொழிற்சாலையும் இவ்வட்டாரத்தின் வாழ்வையே மாற்றின. நிலையான ஊதியம், குடியிருப்பு, மருத்துவ வசதி, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவற்றைப் பெற்ற குடும்பங்கள் உருவாயின. அவற்றின் நிழலிலேயே இரும்பு வெட்டியும் பற்றவைத்தும் துணைப்பொருள் செய்து தரும் சிறு தொழிலகங்கள் துவாக்குடி வரை பெருகின. பெரிய ஆலைக்கு வேலை உத்தரவு குறைந்தால், இச்சிறு பட்டறைகளில் முதலில் நிற்பது தொழிலாளியின் வருவாய்தான். இருவருடைய பிள்ளைகளும் ஒரே தெருவில் வளர்கின்றனர். செலவின் அளவுகோலும் ஒன்றாகிவிடுகிறது. முதுமையின் அளவுகோல் மட்டும் ஒன்றாவதில்லை.

தனியார் தொழிலாளர்க்கான ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓய்வூதியத்திற்குரிய சராசரி ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுப்பதே அதன் கணக்கு. 2014 செப்டம்பரில் இதற்குரிய ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவ்வரம்பின்படி 33 ஆண்டுகள் உழைத்தவர்க்கு, ஊக்கமாகச் சேர்க்கப்படும் 2 ஆண்டுகளையும் கூட்டி 35 ஆண்டுகள் எனக் கொண்டால், திங்கள்தோறும் 7,500 ரூபாய் கிடைக்கும். விலைவாசி ஏறும்போது உயரும் அகவிலைப்படி இதற்கு இல்லை. இடையிடையே பட்டறை மாறியவர்க்கும், பதிவேட்டில் பெயரே ஏறாதவர்க்கும் கிடைப்பது இன்னும் குறைவு. அன்றி, இல்லவே இல்லை. ஓய்வூதியம் உண்டு என்று வாளா இருப்பது தகாது என்பதை இக்கணக்கு நமக்கு உணர்த்துகிறது.

தேவை, வாய்ப்பு, பெருமை

பிள்ளைகளுக்காகச் செய்யும் செலவை மூன்றாகப் பகுத்துக் காணலாம். உணவு, உடை, மருத்துவம், அடிப்படைக் கல்வி ஆகியன தேவை. உயர்கல்வி, தொழிற்பயிற்சி, நல்ல நூல்கள் ஆகியன வாய்ப்பு. பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்படுவன பெருமை. முதலிரண்டிலும் கைவைப்பது அறிவுடைமை ஆகாது. நாம் குறைக்க வேண்டியது மூன்றாவதையே.

பெருமைச் செலவு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அருகில் நல்ல பள்ளி இருக்க, தொலைவிலுள்ள பள்ளிக்கு வேன் கட்டணம் செலுத்துவதாக வரும். சுன்னத் விருந்தாக வரும். மண்டபமாகவும் பல்வகை உணவாகவும் வரும். ஆண்டுக்கொரு முறை மாற்றிச் செய்யும் நகையின் செய்கூலியாகவும் சேதாரமாகவும் வரும். இவை யாவற்றினும் கொடியது கைக்கூலி. மணமகன் மணமகளுக்கு மஹர் வழங்க வேண்டும் என்பதே மார்க்கத்தின் நெறி. அந்நெறியைத் தலைகீழாக்கிப் பெண்ணைப் பெற்றவரின் முதுமைச் சேமிப்பை ஒரே நாளில் துடைத்தெடுப்பது கைக்கூலியாகும். ஜமாஅத் பெரியவர்கள் இதில் உறுதி காட்டினால், அது எந்தச் சேமிப்புத் திட்டத்தினும் பெரிய உதவியாக அமையும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. சிக்கனம் என்றவுடன் மகளின் படிப்பை நிறுத்தும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. மகளின் கல்வியில் மிச்சம் பிடித்து அவள் திருமணத்தில் செலவிடுவது சிக்கனம் அன்று. அது வாய்ப்பை விற்றுப் பெருமையை வாங்குவதாகும்.

பொதுவில் உள்ள துணை

பிள்ளை வளர்ப்பின் சுமையைச் சமுதாயமும் தாங்க வேண்டும் என்பதைத் தமிழகம் முன்னரே உணர்ந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த இடம் நம் திருவெறும்பூர்ப் பகுதியைச் சேர்ந்த பாப்பாக்குறிச்சியே என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022இலும், மாணவர்க்கு 2024இலும் தொடங்கப்பெற்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இலும், பொறியியல் முதலிய படிப்புகளில் 2021இலும் வந்தது.

இவற்றை நோக்கும்போது, அரசுப் பள்ளியில் சேர்ப்பது குறைவு என்னும் எண்ணம் பொருளற்றது என்பது தெளிவாகும். கட்டணமாகச் செல்ல வேண்டிய பணம் சேமிப்பாகிறது. உயர்கல்வியின் கதவும் அகலத் திறக்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பள்ளி பொருந்தும் என்று நாம் கூறவில்லை. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது அண்டை வீட்டாரைப் பார்க்காமல் ஆசிரியரையும் கற்பித்தலையும் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து.

சேமிப்பும் மார்க்கமும்

நாளைய தேவைக்குச் சேர்ப்பது இறைநம்பிக்கைக்கு மாறானது என்று கருதுவோர் உளர். திருக்குர்ஆனில் யூசுப் நபியின் வரலாறு இதற்கு விடையாக அமைகிறது. ஏழு ஆண்டுச் செழிப்பில் விளைந்ததைக் கதிரோடு காத்துவைத்து, பின்வந்த ஏழு ஆண்டுப் பஞ்சத்தை ஒரு நாடே கடந்தது. திட்டமிடுதல் நபிமார் வழி என்பது இதனால் விளங்கும்.

வட்டியை விலக்க வேண்டும் என்பதால் சேமிப்பையே விலக்கிவிடுவோரும் நம்மிடையே உளர். மலேசிய முஸ்லிம்கள் ஒரு காலத்தில் ஹஜ் செல்வதற்காக நிலத்தையும் கால்நடைகளையும் விற்று, திரும்பியபின் வறுமையில் வாடினர். பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் 1959இல் முன்வைத்த திட்டத்தின் பயனாக, 1963இல் அங்கு ஹஜ் சேமிப்பு நிறுவனம் உருவாயிற்று. சிறு தொகைகளைத் திரட்டி, ஆகுமான தொழில்களில் ஈடுபடுத்தி, இலாபத்தைப் பகிர்ந்தளிப்பது அதன் முறை. வட்டியின்றியும் சேமிக்க இயலும் என்பதற்கு இதுவே சான்று.

பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதும் தீர்வு ஆகாது. ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை ஏறினால், 72ஐ ஆறால் வகுக்க, 12 ஆண்டுகளில் விலை ஏறத்தாழ இருமடங்காகும். அஃதாவது, பணத்தின் ஆற்றல் பாதியாகும். நிஸாபை எட்டிய பணத்திற்கு ஆண்டுதோறும் 2.5 விழுக்காடு ஜகாத்தும் உண்டு. எனவே பணம் உழைக்க வேண்டும். நிலம், ஆகுமான தொழிலில் பங்கு, ஷரீஅத்துக்கு இசைந்த முதலீட்டு நிதி ஆகியன அதற்குரிய வழிகள். இலாபத்தோடு இழப்புக்கும் இடமுள்ளவை இவை; ஆதலால், முழுவதையும் ஒன்றிலேயே இடுதல் கூடாது. கட்டாயப் பிடித்தமாகிய வைப்பு நிதியின்மேல் சேரும் தொகை குறித்து ஆலிம்களைக் கேட்டுத் தெளிதல் நன்று. கேளாமலே அதைக் கைவிடுதல் வேண்டா.

காலமே முதல்

முப்பது வயதில் தொடங்கி 58 வயது வரை திங்களுக்கு 1,000 ரூபாய் ஒதுக்குபவர் சேர்க்கும் முதல் 3,36,000 ரூபாய். நாற்பத்தெட்டில் தொடங்குபவர் அதே தொகையை எட்டத் திங்களுக்கு 2,800 ரூபாய் ஒதுக்க வேண்டும். இளையவர்க்கு எளிதாக இருப்பது முதியவர்க்குச் சுமையாகிறது. ஆதலின், பிள்ளை பிறந்தபின் சேமிக்கலாம், பிள்ளை படித்தபின் சேமிக்கலாம் எனத் தள்ளிப்போடாது, சிறு தொகையேனும் முதற்சம்பளத்திலிருந்தே ஒதுக்குதல் வேண்டும்.

பிள்ளையின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு, கடனும் உண்டு. முதுமைக்குக் கடன் தருவார் எவருமிலர். பெற்றோர்க்குப் பராமரிப்புத் தொகை கோரும் உரிமையை 2007ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கிறது. ஆயினும், பெற்ற மகனை எதிர்த்து முறையீடு செய்ய எந்தத் தாயின் மனம் துணியும்? தம் முதுமைக்குச் சேர்க்கும் பெற்றோர், பிள்ளைகள் தம் மக்களை வளர்க்கும் காலத்தில் அவர்தம் சுமையைக் குறைக்கின்றனர். ஆகவே, அச்சேமிப்பும் பிள்ளைகளுக்குச் செய்யும் செலவே எனலாம்.

மாணவர் கடமை

இம்மலரைப் படிக்கும் மாணவ மாணவியர்க்கும் இதில் பங்குண்டு. தந்தையின் ஊதியம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அறியாமலே பட்டம் பெறுவோர் பலர். வீட்டுக் கணக்கைக் கேட்டறியுங்கள். தந்தையின் வைப்பு நிதிக் கணக்கில் பிடித்தம் முறையாகச் செலுத்தப்படுகிறதா, வாரிசு நியமனம் செய்யப்பட்டுள்ளதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எழுத்தறிவு குறைந்த பெற்றோர்க்கு, படித்த பிள்ளை செய்யத்தக்க முதல் உதவி அது. நாளை உங்கள் திருமணப் பேச்சு வரும்போது கைக்கூலி வேண்டாம் என்று வாய்திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு சொல் இரண்டு குடும்பங்களின் முதுமையைக் காக்கும்.

கஞ்சத்தனமும் இன்றி வீண் விரயமும் இன்றி நடுநிலையில் நின்று, மக்களையும் வளர்த்து, முதுமையிலும் மானத்தோடு வாழும் பேற்றினை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!