கார் அலாரம் ஏன் வீணாக அலறுகிறது?

கல்முனையில் ஜும்ஆவுக்காக ஏ4 நெடுஞ்சாலையோரம் நிறுத்திய கார், லொறி ஒன்று கடந்தாலே அலறக்கூடும். அதிர்வை மின்துடிப்பாக்குவதே அதிர்வு உணரியின் வேலை. அதிரவைத்தது கள்ளனா லொறியா என்று அதற்குத் தெரியாது. உணர்திறனைக் குறைத்துவிடலாமே என்பார்கள். குறைத்தால், கதவை மெல்ல நெம்புகிறவனும் தப்பிவிடுவான். ஆகவே காருக்குள் மீயொலி உணரியும் வேண்டும் என்பேன். காதுக்கு எட்டாத, ஏறத்தாழ 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியைப் பரப்பி எதிரொலியைக் கவனிப்பது அது. உடைந்த கண்ணாடி வழியே கை நுழைந்தாலே எதிரொலி மாறிவிடும். கடற்காற்றுக்கும் கத்துமே என்ற மறுப்பு நியாயமானது. வெக்கைக்காகக் கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தால், உள்ளே புகும் காற்றும் எதிரொலியைக் குலைக்கும்தான். முழுக்க ஏற்றிவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். லொறியின் அதிர்வோ இந்த உணரியை அவ்வளவாகத் தொடுவதில்லை.