முதுகில் நீர் எடுக்கத் தயங்காதீர்கள்

காய்ச்சலில் கிடந்தவர் திடீரென்று உளறுகிறார். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. வலிப்பும் வருகிறது. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். “முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும்” என்று யாரோ சொல்ல, கையெழுத்துப் போடக் குடும்பம் தயங்குகிறது. உண்மையான ஆபத்து அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

ஊசி எங்கே இறங்குகிறது?

நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கி, இடுப்புப் பகுதியை மரத்துப்போகச் செய்து ஊசியை ஏற்றுகிறார்கள். தண்டுவடம் முடிந்துவிடும் இடத்துக்குக் கீழேதான் அது இறங்குகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரில் எடுப்பது சில மில்லி லிட்டர். உடலோ ஒரு நாளில் சுமார் 500 மில்லி லிட்டர் சுரக்கிறது.

சிலருக்குச் சில நாட்கள் தலைவலி இருக்கும். ரத்தக்கசிவு, தொற்று ஆகியவை அரிது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரானால் முன்பே சொல்லிவிடுங்கள். தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தாலோ, மூளையில் அழுத்தம் கூடிய அறிகுறி இருந்தாலோ மருத்துவரே ஊசியைத் தள்ளிவைப்பார். தேவைப்பட்டால் முதலில் ஸ்கேன் எடுப்பார்.

ஆய்வகம் சொல்வது

நீரிலுள்ள அணுக்கள் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் மாதிரி உடனே ஆய்வகம் போக வேண்டும். பாக்டீரியா தொற்றில் அந்த நீரில் சர்க்கரை பெரும்பாலும் குறையும். வைரஸ் தொற்றில் பொதுவாகக் குறையாது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அதே நேரத்தில் ரத்தச் சர்க்கரையும் எடுக்கிறார்கள்.

எந்த வைரஸ் என்பதற்குத் தனிப் பரிசோதனைகள் உண்டு. ஹெர்பிஸ் வைரஸுக்கு பிசிஆர்; ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு ஐஜிஎம் எலைசா. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் கண்டறியப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதியில். அதற்கென்று வைரஸ் கொல்லி மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. பரவலுள்ள மாவட்டங்களில் குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் இலவசமாகப் போடுகிறார்கள்.

ஹெர்பிஸுக்கு மருந்து உண்டு: நரம்பில் ஏற்றும் அசைக்ளோவிர். இந்த வைரஸால் மூளைக்காய்ச்சல் வந்து சிகிச்சை பெறாதவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் இறந்துவிடுகிறார்கள். அதனால் முடிவுக்குக் காத்திராமல் சந்தேகத்திலேயே மருந்தைத் தொடங்குவதுதான் முறை. முதல் 3 நாட்களில் பிசிஆர் தவறுதலாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். அறிகுறி தொடர்ந்தால், மறுபடி நீர் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

உங்கள் உரிமை

ஏன் எடுக்கிறார்கள், என்ன ஆபத்து, எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகே ஒப்புதல் கேட்க வேண்டும். எந்தெந்த வைரஸுக்குப் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அறிக்கையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள்.

குறை நேர்ந்தால்

முதலில் மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மருத்துவரின் நடத்தை குறித்து மாநில மருத்துவக் கவுன்சிலில் முறையிடலாம். கட்டணம் செலுத்திய சிகிச்சையில் கவனக்குறைவு என்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100ஐ அழைக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இதில் வருமான வரம்பு இல்லை.

சந்தேகம் எதுவானாலும் மருத்துவரிடம் அப்போதே கேட்டுத் தெளியுங்கள். தெளிந்ததும் கையெழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.