உங்களுக்குத் தெரியுமா? இலங்கையின் போயா நாள்கள்

● இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. நோன்மதி தினம் எனப்படும் இந்தப் போயா நாளில் மதுக்கடைகளும் இறைச்சிக் கடைகளும் மூடப்படும்.

● பக்தர்கள் வெள்ளுடை அணிந்து விகாரைக்குச் சென்று ‘சில்’ நோற்கிறார்கள். அன்று அவர்கள் காப்பது எட்டு ஒழுக்கங்கள்; அவற்றுள் ஒன்று, நண்பகலுக்குப் பின் உணவைத் தவிர்ப்பது.

● வைகாசிப் பௌர்ணமி வெசாக். புத்தரின் பிறப்பு, ஞானோதயம், பரிநிர்வாணம் மூன்றையும் அந்த ஒரே நாளில் நினைவுகூர்கிறார்கள். வீடுதோறும் வெசாக் கூடுகள் ஒளிரும். தெருவோரத் தன்சல்களில் யார் வந்தாலும் இலவச உணவு உண்டு.

● அடுத்து வரும் பொசன், மகிந்த தேரர் மிகிந்தலையில் மன்னன் தேவநம்பிய தீசனைச் சந்தித்துப் பௌத்தத்தை அறிமுகப்படுத்திய நாள். டிசம்பரில் வரும் உந்துவப், பிக்குணி சங்கமித்தை போதி மரமான வெள்ளரசின் கிளையை அனுராதபுரத்துக்குக் கொண்டுவந்ததைப் போற்றுகிறது.

● 1966இல் ஞாயிறு விடுமுறையே நீக்கப்பட்டு, நிலவின் நான்கு கட்டங்களையொட்டிய போயா நாள்கள் வார விடுமுறையாயின. வேலை நாள்களின் கணக்கு வாரத்துக்கு வாரம் மாறியதால், சில ஆண்டுகளில் ஞாயிறு விடுமுறை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

● 1999இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை வெசாக் தினத்துக்குச் சர்வதேச அங்கீகாரம் வழங்கியது.